வீட்டினுள்ளே ஓர் ஐயம்

மர்ம நாவல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு ஒரு பழைய காட்சி நினைவில் எழும். நள்ளிரவு, ஓயாத மழை, பூட்டிய அறை, அதனுள்ளே ஒரு பிணம். பொழுது விடிந்ததும் துப்பறிவாளர் ஒருவர் வந்து சேர்கிறார். சன்னலைப் பார்க்கிறார், சுவடுகளை அளக்கிறார், இறுதி அத்தியாயத்திலே குற்றவாளியைச் சுட்டிக் காட்டுகிறார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் எழுதிய நாவல்களைத் தமிழ் வாசகர் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றிப் படித்தனர். அத்தகைய கதைகள் பலவற்றிலே தீமை வெளியிலிருந்து வரும். பிடிபட்டதும் வெளியே போய்விடும். வீடு மீண்டும் வீடாகும்.

இந்நாளில் எழுதப்படும் ஐயுறவு நாவல்கள் பலவற்றின் போக்கு வேறாகிவிட்டது. கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கிறது. வெளியார் எவரும் வரவில்லை. எனினும் அச்சம் உள்ளே இருக்கிறது. கணவன் மனைவியை ஐயுறுகிறான். தாய் மகனை ஐயுறுகிறாள். ஒரே பானையில் வெந்த சோற்றை உண்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, "நீ உண்மையில் யார்?" என்று வாய்விட்டுக் கேளாமற் கேட்கின்றனர்.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் லாண்டே 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிஃபெண்டிங் ஜேக்கப்' என்னும் நாவலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அரச தரப்பு வழக்குரைஞர் ஒருவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகன். அவனுடன் படித்த சிறுவன் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். பழி மகன்மேல் விழுகிறது. அதுவரை பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் கூண்டிலே ஏற்றிக் கேள்வி கேட்டு வந்த தந்தை, இப்பொழுது தம் மகனுக்காக அதே மன்றத்தில் அமர்கிறார். மகன் குற்றமற்றவன் என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயமில்லை. அன்றேல், ஐயமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். மகனுடைய அறையிலே ஒரு கத்தியைக் கண்டெடுத்த தந்தை அதனை அதிகாரிகளிடம் கொடுக்கவில்லை. மறைத்து அழித்து விடுகிறார். அது பாசமா, அச்சமா? தாயின் நிலையோ வேறு. அவள் தன் பிள்ளையின் சிறு பிராயத்தை ஒவ்வொரு நாளாக நினைந்து பார்க்கத் தொடங்குகிறாள். அன்று பொருட்படுத்தாது விட்ட செயல்கள் இன்று வேறு பொருள் தருகின்றன. கணவர் தம் குலத்தைப் பற்றி ஓர் உண்மையை இத்தனை ஆண்டுகளாகத் தன்னிடம் மறைத்திருந்தார் என்பதும் அவளுக்குத் தெரிய வருகிறது. முடிவை நான் கூறப் போவதில்லை. படிக்கவிருப்பவரின் இன்பத்தைக் கெடுத்தல் முறையன்று.

இந்நாவல் எழுப்பும் வினா எளியது; விடையோ கடினமானது. நம்மவர்மேல் பழி வரும்போது நாம் செய்யத் தக்கது யாது? கண்களை மூடிக்கொண்டு அவர்பக்கம் நிற்பதா? அன்றி, கண்களைத் திறந்து உண்மையை நாடுவதா? முன்னையது பாசம் என்றும் பின்னையது துரோகம் என்றும் உலகம் சொல்லும். அப்படித்தானா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இதற்காக அமெரிக்கா வரை போக வேண்டுவதில்லை. நான் வாழும் கண்டி மாநகரிலே, ஒரு மாலைப் பொழுதில் நடந்து சுற்றி வரக்கூடிய எல்லைக்குள்ளே, இவ்வினாவின் மூன்று வடிவங்களைக் காணலாம்.

முதலாவது, தலதா மாளிகையை அடுத்துள்ள பத்தினி தேவாலயம். எசல பெரஹராவிலே கலந்துகொள்ளும் நான்கு தேவாலயங்களுள் இதுவும் ஒன்று. சிங்கள மக்கள் பத்தினி என்று வணங்கும் தெய்வம் நம் கண்ணகியே ஆவாள். சிலப்பதிகாரக் கதையை நாம் கற்பின் கதை என்றே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனை ஒரு வழக்கின் கதையாகவும் எண்ணிப் பாருங்கள். கோவலன் குற்றமே அறியாத கணவன் அல்லன். மனைவியை விட்டு மாதவியிடம் சென்றவன். பொருளை எல்லாம் இழந்து மீண்டவன். அத்தகைய ஒருவன்மேல் திருட்டுப் பழி வந்தபோது, "இவன் இதையும் செய்திருப்பான்" என்று எண்ண எவருக்கும் இடமுண்டு. கண்ணகி அவ்வாறு எண்ணவில்லை. ஆயின், அவள் தன் நம்பிக்கையை மாத்திரம் நம்பி நிற்கவும் இல்லை. அரசவைக்குச் சென்றாள். தன் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்றாள்; அரசியின் சிலம்பிலே இருப்பது முத்து என்பதை அரசன் வாயாலேயே வரவழைத்தாள்; பின்னர்ச் சிலம்பை உடைத்துக் காட்டினாள். அவள் அன்பு சான்றுக்கு அஞ்சவில்லை. பாண்டியனோ ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, ஆராயாமல், ஓர் உயிரைப் போக்கினான். ஐயம் கொண்டது அவன் குற்றமன்று. ஐயத்தை ஆராயாது விட்டதே அவன் குற்றம்.

இரண்டாவது வடிவத்தைக் காண்பதற்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. போகம்பறைப் பக்கம் சென்றாற் போதும். இன்று கடைகளும் வாகனங்களும் நிறைந்துள்ள அப்பகுதியிலே முன்னாளில் ஓர் ஏரி இருந்தது. 1814ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்தது கற்பனைக் கதையன்று.

கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் முதன் மந்திரி எகலப்பொல. சப்பிரகமுவைப் பகுதியின் ஆட்சியும் அவர் கையில் இருந்தது. அவர் அங்கே இருந்த காலத்தில், அவருடைய மனைவியும் மக்களும் தலைநகராகிய கண்டியிலே வசித்தனர். குடும்பம் அரசன் கண்ணெதிரே இருக்கும்வரை மந்திரி பிழை செய்யான் என்பது அக்கால அரசியற் கணக்கு. எகலப்பொல ஆங்கிலேயருடன் உறவு கொண்டிருக்கிறார் என்ற ஐயம் மன்னனுக்கு உண்டாயிற்று. அழைப்பு அனுப்பினான், அவர் வரவில்லை. கலகம் எழுந்தது; அடக்கப்பட்டது. எகலப்பொல எல்லை கடந்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் எஞ்சி நின்றவர் மனைவியும் குழந்தைகளுமே.

தந்தைக்குரிய தண்டனை அவர்கள்மேல் விழுந்தது. ஆண் மக்களின் தலைகள் வெட்டப்பட்டன. தாய் ஏரியிலே அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். மூத்த மகன் அச்சத்தினாலே தாயைக் கட்டிக்கொண்டபோது, இளைய மகனாகிய மத்தும பண்டார முன்வந்து, எவ்வாறு இறப்பது என்பதைத் தான் காட்டுவதாகத் தமையனிடம் கூறினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. சிங்களப் பாட நூல்களிலும் நாடகங்களிலும் அவன் வீரச் சிறுவனாகப் போற்றப்படுகிறான். 2014ஆம் ஆண்டில் எகலப்பொல குமாரிஹாமியின் வாழ்க்கை சிங்களத் திரைப்படமாகவும் வந்தது.

இக்கதையில் யார் யாருக்கு உண்மையாக இருந்தனர் என்று கேட்டுப் பாருங்கள். மன்னனின் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று கூற இயலாது. மந்திரி ஆங்கிலேயருடன் தொடர்பு வைத்திருந்தது உண்மையே. மந்திரி தம் குடும்பத்தை விட்டுச் சென்றாரா, அன்றி மன்னன் குழந்தைகளைத் தொடமாட்டான் என்று நம்பினாரா? அவர் உள்ளத்தை நாம் அறியோம். ஆங்கிலேயரும் இத்துயரத்தைத் தமக்குப் பயன்படுத்தத் தவறவில்லை. மன்னனின் கொடுமையிலிருந்து மக்களைக் காக்கவே வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு படையெடுத்தனர். 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். எகலப்பொலவையும் ஆங்கிலேயர் நெடுநாள் நம்பவில்லை. அவரையும் ஐயுற்றுச் சிறைப்படுத்தினர்; பின்னர் மொரீசியசுத் தீவுக்கு நாடு கடத்தினர். 1829இல் அவர் அங்கே உயிர் நீத்தார். ஐயுற்றவனும் ஐயுறப்பட்டவரும் அயல்நாட்டு மண்ணிலேயே கண்மூடினர். இருவரிடையே நின்ற குழந்தைகளுக்கோ கண்டி மண்ணே ஈமமாயிற்று.

மூன்றாவது வடிவம் ஒரு நாவல். தமிழிலக்கியம் கற்போர் இதனை அறிவர். ஏனையோர் அறிதல் நன்று.

கண்டியிலே 1838ஆம் ஆண்டு பிறந்தவர் முகம்மது காசிம் சித்திலெப்பை. சட்டத் தொழில் புரிந்தவர், கல்வித் தொண்டர், 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். கண்டியிலே அவர் பெயர் தாங்கிய பாடசாலை இன்றும் உண்டு. அவர் 1885ஆம் ஆண்டில் 'அசன்பே சரித்திரம்' என்னும் நூலை வெளியிட்டார். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறி ஆறே ஆண்டுகள் கழிந்திருந்தன. தமிழில் நாவல் என்பது இன்னும் தவழும் பருவத்தில் இருந்த காலம் அது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் பலர் கொள்வது இந்நூலையே.

கதை கண்டியில் நிகழவில்லை. எகிப்து நாட்டின் காயீர் நகரிலே உயர்குடியிற் பிறந்த ஒரு குழந்தை களவாடப்படுகிறது. கடல் கடந்து பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறது. தன் தந்தை யார், தாய் யார் என்று அறியாமலே அக்குழந்தை வளர்கிறது. வளர்ந்த இளைஞன் கல்கத்தா செல்கிறான். இன்னல்கள் பல அடைகிறான். நல்லோர் துணையும் பெறுகிறான். ஈற்றில் எகிப்தை அடைந்து தன் குடும்பத்தோடு சேருகிறான். இன்றைய வாசகர் கண்ணுக்குத் தற்செயல்கள் மிகுதியாகத் தோன்றலாம். அறிவுரைகளும் இடையிடையே வரும். ஆயினும் பக்கத்தைப் புரட்டச் செய்யும் விசை அதில் இருக்கிறது. அவ்விசையின் ஊற்று ஒரே வினா: நான் யார் பிள்ளை?

கண்டியில் பிறந்த ஒருவர் எகிப்தைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் காண்பது கடினமன்று. 1882இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் செய்து தோற்ற எகிப்தியத் தலைவர் அரபி பாஷாவும் அவர் தோழரும் 1883ஆம் ஆண்டு சனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டனர். சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகினார். கல்விப் பணியிலும் இருவரும் ஒருங்கு நின்றனர். அரபி பாஷா பிற்காலத்தில் கண்டியிலேயே குடியேறி, 1901இல் தாயகம் திரும்பும்வரை இங்கே வாழ்ந்தார். அவர் இருந்த வீடு இன்று காட்சிசாலையாக விளங்குகிறது. எகிப்தின் ஆட்சியாளருக்கு அவர் துரோகி. எகிப்திய மக்களுள் பலருக்கோ அவர் வீரர். கண்டியின் மன்னனை வேலூருக்கு அனுப்பிய அதே அரசு, எகிப்தின் தலைவரை இலங்கைக்கு அனுப்பியது. வேரோடு பிடுங்கப்பட்ட மனிதர் ஒருவரின் துயரத்தை அருகிருந்து கண்டவர், வேரறியாத குழந்தை ஒன்றின் கதையை எழுதினார் என்பது வியப்புக்குரியதன்று.

மேலும், சித்திலெப்பை ஒரு சட்டத்தரணி. பிறப்பும் உரிமையும் வாய்ச்சொல்லால் மாத்திரம் நிலைநாட்டப்படுவதில்லை என்பதை அவர் அறிவார். தான் யார் என்று உள்ளம் அறிந்தாலும், உலகம் சான்று கேட்கும்.

இவ்வாறு சான்று கேட்ட வரலாறு நம் மலைநாட்டிலே பிற்காலத்தில் உண்மையாகவே நடந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பிறந்த ஒருவரைப் பார்த்து, "உன் தந்தை இங்கே பிறந்தாரா? காட்டு" என்றது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களிடம் அதற்கான பத்திரங்கள் பெரும்பாலும் இல்லை. தந்தை லயத்திலே பிறந்ததை ஊரே அறியும், பதிவேடு அறியாது. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டபோது, 975,000 பேருடைய எதிர்காலம் பேசப்பட்டது. அதன் விளைவாக, அண்ணன் இந்தியா என்றும் தம்பி இலங்கை என்றும், தாய் ஒரு கரை மகள் ஒரு கரை என்றும் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலைநாட்டு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். நாடற்றோராய் எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. தேசத்தின்மேல் உனக்குப் பற்று உண்டா என்று கேட்ட வினா, வீட்டினுள்ளே புகுந்து, யார் யாரோடு போவது என்ற வினாவாக மாறியது. எந்த நாவலாசிரியர் எழுதினாலும் இதனிலும் கொடிய ஐயுறவை எழுதிவிட முடியாது.

அன்பர்களே, இதுவரை பெரிய கதைகளைச் சொன்னேன். சிறிய கதை ஒன்றையும் சொல்ல விடை தாருங்கள். அது என் சொந்தக் கதை.

நான் பாடசாலை மாணவனாய் இருந்த காலத்தில் எங்கள் வீட்டிலே என் பாட்டியின் சங்கிலி காணாமற் போயிற்று. அப்பொழுது எம்மோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தவன் என் சின்னம்மாவின் மகன். என்னிலும் இரண்டு வயது இளையவன். வீட்டிலே எவரும் அவனை ஒரு சொற்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை அவன் அறைக்குள் வந்தபோது பேச்சு நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன என்று என் காதிலே யாரோ சொன்னார்கள். பார்த்தவன் நான். உள்ளே இரண்டு சட்டைகளும் தாய் எழுதிய கடிதங்களும் இருந்தன. மூன்று நாட்களின் பின்னர்ச் சங்கிலி அரிசிப் பெட்டியின் அடியிலே அகப்பட்டது. பாட்டி அவனை அணைத்து அழுதாள். அவனும் சிரித்தான். அடுத்த தவணை தொடங்கியபோது அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, விடுதியிலே சேர்ந்துகொண்டான். பெட்டி திறக்கப்பட்டதை அவன் அறிந்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. நாங்கள் அவனை ஐயுற்றது தவறுதான். அதனினும் பெரிய தவறு, ஐயத்தை மறைத்துக்கொண்டு அன்பு காட்டியது. "சங்கிலியைக் கண்டாயா, தம்பி?" என்று நேரே கேட்டிருந்தால் அவன் "இல்லை, அண்ணா" என்றிருப்பான். இருவரும் சேர்ந்து தேடியிருப்போம். ஒருவேளை அன்றைக்கே அரிசிப் பெட்டியையும் கவிழ்த்திருப்போம்.

நல்ல ஐயுறவு நாவல் நமக்குச் செய்யும் உதவி இதுவே என்று நான் கருதுகிறேன். அது மூன்று வகை மனிதரை நம்முன் நிறுத்துகிறது. முதல்வர், ஆராயாமல் ஐயுறுபவர், பாண்டியனைப் போன்றவர். இரண்டாமவர், ஆராய அஞ்சி நம்புபவர். கண்டெடுத்த கத்தியை மறைத்த தந்தையைப் போன்றவர். இவ்விருவரும் எதிரெதிராகத் தோன்றினும் உள்ளத்தால் ஒருவரே; இருவருக்கும் உண்மையை எதிர்கொள்ள மனமில்லை. மூன்றாமவர், அன்பை விடாமலே சான்றையும் நாடுபவர். சிலம்பை உடைத்துக் காட்டிய கண்ணகி அவ்வகையினள். அத்தகையோரின் நம்பிக்கை பொய்த்துப் போகவும் கூடும். மகன் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கவும் கூடும். அப்பொழுதும் அவனைப் பிள்ளை என்று ஏற்று, குற்றத்தைக் குற்றம் என்று சொல்லும் வலிமை அவர்களுக்கே உண்டு.

இத்தகைய நாவல்களைப் படிப்பதால் மனம் கெடும், வீட்டாரையே ஐயுறும் பழக்கம் வரும் என்று அஞ்சுவோர் உளர். அவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான். ஐயம் நாவலால் பிறப்பதன்று. அது எந்த வீட்டிலும் ஒரு மூலையில் இருப்பதே. நாவல் அதற்கு விளக்கேற்றுகிறது. இருட்டிலே பாம்பாகத் தோன்றிய பொருள் வெளிச்சத்திலே கயிறாகவும் இருக்கலாம். பாம்பாகவே இருக்கவும் கூடும். எதுவாயினும் விளக்கு வேண்டும்.

அசன்பேயின் கதையிலே தொலைந்த பிள்ளை வீடு சேர்ந்தான். எகலப்பொலவின் பிள்ளைகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. நம்மிடையே இன்றும், திரும்பி வராத பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கிறானா இல்லையா என்ற ஐயத்தோடு காத்திருக்கும் தாய்மார் பலர். அவர்கள் கதைக்கு இறுதிப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அவர்கள் கேட்பது இரக்கத்தை மாத்திரம் அன்று, விடையை. பாசம் உண்மையைக் கேட்க அஞ்சுவதில்லை என்பதற்கு அவர்களிலும் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த முறை ஒரு மர்ம நாவலைக் கையில் எடுக்கும்போது, குற்றவாளி யார் என்று மாத்திரம் தேடாதீர்கள். ஐயம் எழுந்தபோது அவ்வீட்டிலே யார் வாய்திறந்து கேட்டார்கள், யார் ஓசைப்படாமல் பெட்டியைத் திறந்தார்கள் என்பதையும் பாருங்கள்.